நாவலை முகவருக்கு அனுப்பப் போகிறீர்களா? முதலில் ஃபைலைச் சரிசெய்யுங்கள்

போன மாரியில், மழை விட்ட ஒரு பின்னேரம், உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று சீ.ஆர். கொப்பிகளை ஷொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நீல மை, வடிவான கையெழுத்து, ஒரு வரி விடாமல் மேலிருந்து கீழ்வரை. கரையில் நின்று வலை இழுக்கும் மீனவர்களின் கரைவலை வாடி ஒன்றில் மூன்று தலைமுறை வாழ்ந்து தீர்ந்த கதை. "தங்கச்சி, இதை அப்படியே அடிச்சுத் தந்தால் காணும், மிச்சத்தை மருமகள் பார்த்துக்கொள்ளுவா" என்றார். மருமகள் கனடாவில். முதல் மூன்று அத்தியாயங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறாராம், இலக்கிய முகவர்களுக்கு அனுப்பப் போகிறாராம். தமிழ்ப் பிரதியை அந்த ஆசிரியர், நான் "சேர்" என்று கூப்பிடுகிறவர், தானே சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

நான் திருகோணமலையில் வீட்டிலிருந்தே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுப்பவள். கோயில் மலர், பாடசாலை மலர், அழைப்பிதழ், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம்), இவைதான் சோறு போடுகின்றன. நாவல் எப்போதாவதுதான் வரும். வருகிற எல்லோரும் ஒரே பிழையோடுதான் வருகிறார்கள்: அனுப்பப் போகும் பிரதியையே அச்சடித்த புத்தகம் மாதிரி அலங்கரிக்கப் பார்க்கிறார்கள். சேரும் கேட்டார், பக்கத்துக்குப் பக்கம் ஒரு பூ போர்டர் போடலாமா என்று. "சேர், இது கல்வெட்டில்லை" என்று சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகும் இதே கேள்வியோடு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

யாருக்கு அனுப்புகிறீர்கள்?

தமிழில் எழுதி, தமிழில் வெளியிடுவதானால் நடுவில் முகவர் என்று பெரும்பாலும் ஒருவரும் இல்லை. நேரே பதிப்பகத்துக்குத்தான் போகும், அது நாகர்கோவில் காலச்சுவடாக இருந்தாலும் சரி, கொழும்புக் குமரன் புத்தக இல்லமாக இருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் கதை வேறு. லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்கள் பொதுவாக எழுத்தாளரிடமிருந்து நேரடியாகப் பிரதி வாங்குவதில்லை. முகவர் ஒருவர் படித்து, பிடித்து, தன் பெயரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பார்ப்பார்கள். அந்த முகவருக்குச் சம்பளம் உங்கள் சட்டைப் பையிலிருந்து போகாது. புத்தகம் விலைபோனால் உள்நாட்டு உரிமையில் வழக்கமாக நூற்றுக்கு 15, வெளிநாட்டு உரிமையிலும் மொழிபெயர்ப்பு உரிமையிலும் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்வார். பிரதியைப் படிக்கவே கட்டணம் கேட்கிறவர் முகவர் இல்லை, அந்த மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடுங்கள். "பதிவுக் கட்டணம்", "எடிற்றிங் பக்கேஜ்" என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அதேதான்.

ஆகவே இரண்டு பாதை, இரண்டு ஃபைல். தமிழ் ஃபைலுக்கு உள்ள வில்லங்கம் வேறு, ஆங்கில ஃபைலுக்கு உள்ள ஒழுங்கு வேறு. தமிழிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் கனக்கச் சொல்ல இருக்கிறது.

பாமினியை விட்டு வெளியே வாருங்கள்

இலங்கையில் தட்டச்சுப் பழகியவர்களில் பலருக்குக் கை பழகியது பாமினி என்ற ஃபொன்டில். எனக்கும் அப்படித்தான். பாமினியில் நீங்கள் உண்மையில் அடிப்பது ஆங்கில எழுத்துகளை, அவற்றுக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விழுந்துவிடும். பல வருடங்களுக்கு முன் என் சிறுகதைகளைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன், பாமினியில், பெருமையோடு. முதல் கதை "அம்மா" என்ற சொல்லோடு தொடங்கும். அங்கே திறந்தவருக்குத் தெரிந்தது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். "ஆங்கிலத்தில் ஏதோ கோடு வந்திருக்கிறது, தமிழில் அனுப்பவும்" என்று ஒரே வரியில் பதில். நான் திருத்தி அனுப்புவதற்குள் அவர்களுக்கு அந்த வருடப் பட்டியல் நிறைந்துவிட்டது. பிழை என்னுடையதுதான்.

எனவே யுனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற எழுத்துமுறை. கை பாமினி விசைப்பலகைக்குப் பழகியிருந்தால் அதை மாற்ற வேண்டிய தேவையில்லை, அதே விசைகளில் யுனிகோட் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஏற்கெனவே பாமினியில் அடித்து முடித்தவர்கள் பாமினியை யுனிகோட் ஆக்கும் மாற்றியில் போட்டு எடுக்கலாம், ஆனால் மாற்றி எடுத்ததும் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊர்ச் செய்தித் தளங்களில் "கிண்ணியாஇ மூதூர்" என்று காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் "இ" நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாமினியில் "இ" உட்கார்ந்திருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில், அதனால் வேறு ஃபொன்டில் போட்ட காற்புள்ளி எல்லாம் மாற்றியில் "இ" ஆகிவிடும். நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய கப்பல் பெயர், மருந்துப் பெயர் எல்லாம் விளங்காத தமிழ்க் கூட்டெழுத்தாக மாறி நிற்கும். ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பார்க்கத்தான் வேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இன்னொரு பொல்லாத விஷயம், பார்வைக்கே தெரியாதது. "மௌனம்" என்ற சொல்லில் உள்ள "மௌ" ஒரு மெய்யும் ஓர் உயிர்க்குறியும். சிலர் அதை ஒற்றைக்கொம்பும் "ள" எழுத்துமாக "மெளனம்" என்று அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். தேடினால் ஒன்றுதான் அகப்படும். "கௌரி" என்று கதாநாயகிக்குப் பெயர் வைத்து, பாதியில் பெயரை மாற்ற நினைத்து, எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால் பாதி கௌரி மாறாமல் நிற்பாள். "ஒள", "கெள", "மெள", "செள", "தெள", "பெள" என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்துங்கள். "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானைத் தொடவேண்டாம், "தெளிவு" "தௌிவு" மாதிரி ஏதோ ஒன்றாகி நிற்கும்.

வேர்டில் செய்ய வேண்டியவை

புதிய ஃபைல் திறந்ததும், ஒரு சொல்கூட அடிக்க முன்னரே, பக்க அளவை ஏ4 என்று வையுங்கள். நாலு பக்கமும் ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்ரிமீற்றர் விடுங்கள். ஃபொன்ட் நிர்மலா, லதா, நோட்டோ செரிஃப் தமிழ், இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் சரி. வளைந்து நெளிந்த கல்யாணக் கார்ட் ஃபொன்ட் வேண்டாம். அளவு 12. லதா அதே அளவிலும் கொஞ்சம் பருமனாகத் தெரியும், அதற்கு 11 காணும்.

இங்கே பலபேர் தடுக்கி விழுகிறார்கள்: அளவை 12 ஆக்கினாலும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்கும், நடுவில் உள்ள எண்களும் ஆங்கிலமும் மட்டும் மாறும். காரணம், வேர்ட் தமிழைக் "கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்று தனியாக வைத்திருக்கிறது. கன்ட்ரோலும் டீயும் சேர்த்து அழுத்தினால் ஃபொன்ட் பெட்டி திறக்கும். அதில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று இருக்கிற கட்டத்திலும் அதே ஃபொன்ட், அதே அளவைக் கொடுங்கள். கொமினிகேஷன் கடைப் பெடியன்களுக்கே இது பலருக்குத் தெரியாது, ஒவ்வொரு பக்கமாகத் தெரிவுசெய்து மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வரி இடைவெளி. ஆங்கிலத்தில் இரட்டை இடைவெளி என்பது கட்டாயம் மாதிரி. தமிழில் ஒன்றரை போதும், நம் ஃபொன்ட்கள் சிலவற்றில் வரியின் உயரமே கூட, இரட்டை வைத்தால் ஒரு பக்கத்தில் பதினெட்டு வரிகூட வராது. சேருக்கு இது பிடிக்கவே இல்லை. "இவ்வளவு வெள்ளையா விட்டால் கடதாசி வீண் தானே?" பேனா பிடித்துப் படிக்கிறவருக்கு இடம் வேண்டும் சேர், நீங்கள் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியைத் திருத்தும்போது ஒரு வரி விட்டு எழுதச் சொல்வீர்களே, அதேதான் என்றேன். கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார்.

பந்தித் தொடக்கத்தில் உள்ளே தள்ளுவதற்கு ஸ்பேஸ் தட்டை ஐந்து தடவை அடிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பந்திக்கான பெட்டியில் "ஃபெர்ஸ்ட் லைன்" என்று ஒன்று இருக்கும், அரை அங்குலம் கொடுங்கள், அதோடு எல்லாப் பந்திக்கும் முடிந்தது. பந்திக்கும் பந்திக்கும் நடுவே வெறும் வரி விடவேண்டாம். வலது ஓரத்தை நேராக்கவும் வேண்டாம், இடது பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இரண்டு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும்.

புதிய அத்தியாயம் புதிய பக்கத்தில் தொடங்கும். அதற்கு என்டரை இருபது தடவை தட்டினால், முன்பக்கத்தில் நாலு வரி கூட்டியதும் எல்லாம் சரிந்து தலைப்பு பக்கத்தின் நடுவில் போய் நிற்கும். கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து ஒரு தடவை அழுத்துங்கள், பக்கம் தானே உடையும். தலைப்பைப் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு கீழே வையுங்கள். ஒரே அத்தியாயத்துக்குள் காட்சி மாறும் இடத்தில் நடுவில் மூன்று நட்சத்திரக் குறி. வெறும் இடைவெளி மட்டும் விட்டால், அது பக்கத்தின் அடியில் வந்து விழும்போது காட்சி மாறியதே தெரியாது.

வேலை முடிந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் அழுத்திப் பாருங்கள். ஒளிந்திருந்த புள்ளிகளும் வளைந்த குறிகளும் வெளியே வரும். ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளி. இரட்டைப் புள்ளிகள், தேவையில்லாத என்டர்கள் எல்லாம் அம்மணமாக நிற்கும். சேரின் ஃபைலை அப்படித் திறந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, அடித்தது நான்தானே.

முதல் பக்கமும் பெயர்ச் சிக்கலும்

முதல் பக்கத்தில் மேலே இடது மூலையில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் நாட்டின் குறியீடு 94 போடுங்கள், வட்ஸ்அப்பில் கூப்பிடுகிறவருக்கு உதவும். வலது மூலையில் சொல் எண்ணிக்கை. பக்கத்தின் நடுவில் தலைப்பு, அதற்குக் கீழே எழுத்தாளர் பெயர். வேறொன்றும் வேண்டாம்.

வேறொன்றும் வேண்டாம் என்றால், அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, நன்றியுரை, சமர்ப்பணம், முன்னட்டைப் படம், எழுத்தாளரின் பட்டம் பதவிப் பட்டியல், ஒன்றும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் புத்தகம் என்றாலே வெளியீட்டு விழா, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, மேடையில் பதினைந்து கதிரை, அந்தப் பதினைந்து பேரின் வாழ்த்தும் புத்தகத்துக்குள் முன்னாலேயே ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் பிரதியிலும் சேர்த்து அனுப்புகிறார்கள். படிக்கிறவர் கதையின் முதல் வரிக்கு வர 22 பக்கம் கடக்க வேண்டியிருந்தால் அவர் வரமாட்டார். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இப்போது தேவையில்லை. இங்கே அதைக் கொழும்பில் உள்ள தேசிய நூலகம் வழங்குகிறது, புத்தகமாகும்போது பதிப்பிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

பெயர். ஆங்கில முகவர்கள் பக்கத் தலையில் குடும்பப் பெயரை எதிர்பார்ப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். சேரின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது, மருமகள் அதையே போட்டுவிட்டார், கடைசியில் புத்தகம் சேரின் தகப்பனார் எழுதியதுபோல ஆகிவிட்டது. சேர் சிரித்தார், "அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்" என்று. நீங்கள் எந்தப் பெயரில் எழுதுகிறீர்களோ அதை முடிவுசெய்து, அதற்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல் முடிவுசெய்து, கடிதம், முதல் பக்கம், பக்கத்தலை, ஃபைல் பெயர், மின்னஞ்சல் என்று எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். ஓரிடத்தில் "டி"யும் இன்னோரிடத்தில் "டி எச்"சும் வேண்டாம்.

பக்கத்தலையில் பெயர், தலைப்பு, பக்க எண் மூன்றும் ஒரே வரியில் வலப்பக்கம். முதல் பக்கத்தில் இது வரக்கூடாது, அதற்கு "டிஃபரன்ட் ஃபெர்ஸ்ட் பேஜ்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் சரி போடுங்கள். பக்க எண்ணைக் கையால் அடிக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், 214 பக்கத்துக்கும்.

ஆங்கில ஃபைல்

இதில் விதிகள் கிட்டத்தட்ட எழுதப்பட்டவை மாதிரி. டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, கறுப்பு நிறம், இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் ஓர் அங்குலம், அரை அங்குலம் உள்ளே தள்ளிய பந்தி. அமெரிக்காவுக்கு அனுப்பும் ஃபைலை அவர்களின் "லெட்டர்" அளவில், எட்டரைக்குப் பதினொரு அங்குலத்தில் வைக்கலாம், பிரித்தானியாவுக்கு ஏ4. அத்தியாயத்தின் முதல் பந்தியை மட்டும் உள்ளே தள்ளாமல் விடுவார்கள், தள்ளினாலும் யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

சொல் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். முதல் நாவலுக்கு ஆங்கிலத்தில் 80,000 முதல் 100,000 சொல்வரை வழக்கமான அளவு என்று சொல்வார்கள். தமிழ்ப் பிரதி அதைவிடக் குறைவாகக் காட்டியதும் சேர் பயந்துபோனார். "வந்துகொண்டிருந்தவனிடம்" என்பது நமக்கு ஒரே சொல், அதை ஆங்கிலத்தில் வைத்தால் ஆறேழு சொல்லாகப் பிரியும். இரண்டு ஃபைலுக்கும் தனித்தனியாக எண்ணிப் போடுங்கள். ஆயிரத்துக்குக் கிட்டிய முழு எண்ணாகப் போட்டால் போதும், 83,417 என்று கறாராகப் போடவேண்டாம்.

சம்மாட்டி, வாடி, மடி, தண்டையல் போன்ற கரைவலைச் சொற்களை மொழிபெயர்ப்பில் என்ன செய்வது? மருமகள் ஒவ்வொன்றையும் சாய்வெழுத்தில் போட்டுப் பக்க அடியில் குறிப்பும் கொடுத்திருந்தார், ஒரு பக்கத்தில் ஏழு குறிப்பு. என் அபிப்பிராயம், குறிப்பையெல்லாம் தூக்கிவிட்டு வாக்கியத்துக்குள்ளேயே விளங்க வைக்க வேண்டும். வலை இழுக்கிறவர்கள் பங்குக்காக யாரைச் சுற்றி நிற்கிறார்களோ அவர் சம்மாட்டி என்று கதையே காட்டிவிடும். மிஞ்சிப்போனால் கடைசியில் ஒரு பக்கம் சொற்பட்டியல். தமிழ்நாட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பும் தமிழ்ப் பிரதிக்கும் அந்த ஒரு பக்கம் உதவும், ஆனால் "கதிரை"க்கும் "யன்னலு"க்கும் அர்த்தம் எழுதி அவர்களைச் சின்னப்பிள்ளை ஆக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் முதல் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயரும் வரவேண்டும். எழுத்தாளர் அனுமதி கொடுத்திருக்கிறார், ஆங்கில உரிமை இன்னும் யாருக்கும் விற்கப்படவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். சொந்த மருமகளாக இருந்தாலும் அந்த அனுமதியை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. சேர் ஒரு கடதாசியில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், நான் படம் எடுத்து அனுப்பினேன்.

கதையைத் திருடிவிடுவார்களோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும். பதியத் தேவையில்லை. பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை வாசகமும், குறுக்கே சாம்பல் நிறத்தில் உங்கள் பெயரும் போட்டால் படிக்கிறவருக்குக் கண் நோகும்.

கூடவே போக வேண்டியவை

முகவருக்கு முழு நாவலையும் முதலில் அனுப்பக்கூடாது. பிரித்தானியாவில் பொதுவாகக் கேட்பது ஒரு கடிதம், ஒரு கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் அல்லது முதல் 10,000 சொல். அமெரிக்காவில் கடிதமும் முதல் ஐந்து பத்துப் பக்கமும், அதுவும் பலர் மின்னஞ்சலின் உடம்பிலேயே ஒட்டச் சொல்வார்கள், இணைப்பு வைத்தால் திறக்காமலே அழித்துவிடுவார்கள். சிலர் மின்னஞ்சலே வாங்குவதில்லை, தங்கள் இணையப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். ஒவ்வொரு முகவரின் தளத்திலும் என்ன வேண்டும் என்று எழுதியிருக்கும். அங்கே எழுதியிருப்பது நான் இங்கே சொன்னதற்கு எதிராக இருந்தால் அவர்கள் சொன்னதைத்தான் செய்ய வேண்டும்.

மூன்று அத்தியாயம் என்றால் முதல் மூன்று. நல்ல அத்தியாயம் பதினேழாவதுதான் என்று அதை எடுத்து அனுப்பக்கூடாது. பதினேழாவதுதான் நல்லதென்றால் முதல் பதினாறோடு கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

கடிதம் ஒரு பக்கம், 300 சொல் அளவில். தலைப்பு, என்ன வகை நாவல், எத்தனை சொல், கதை எதைப்பற்றி என்று ஒரு பந்தி, நீங்கள் யார் என்று இரண்டு வரி, ஏன் இந்த முகவரைத் தேடி வந்தீர்கள் என்று ஒரு வரி. "மதிப்பிற்குரிய ஐயா அம்மணி" என்று எல்லோருக்கும் ஒரே கடிதம் போகக்கூடாது, பெயரைச் சரியான எழுத்தோடு போடுங்கள். "என் உறவினர்கள் எல்லோரும் வாசித்துக் கண்ணீர் விட்டார்கள்" என்ற வரி கட்டாயம் வெளியே போகவேண்டும்.

கதைச்சுருக்கத்தில்தான் சேரோடு பெரிய இழுபறி. ஒரு பக்கம், ஏறக்குறைய 500 சொல், நிகழ்காலத்தில், முடிவு உட்பட முழுக் கதையும். "முடிவையும் சொல்லிப்போட்டால் பிறகு ஏன் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டார். பின்னட்டையில் வருகிற குறிப்பு வாசகரை இழுக்க, அதில் முடிவை மறைக்கலாம். இது வேலை செய்கிறவருக்கான ஆவணம். கதை கடைசிவரை விழாமல் நிற்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார், கடைசி வரி "இதன்பின் நடந்ததை நாவலில் காண்க." மறுபடி திருப்பி அனுப்பினேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் தனக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தில் தொடங்கிய கிரேஷன் பரிசுக்கு, இன்னும் அச்சாகாத பிரதியையும் அனுப்பலாம். இலங்கையில் வசிப்பவர்களுக்கானது. அங்கேயும் ஃபைல் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அனுப்பும் நாள்

ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். "நாவல் ஃபைனல் புதுசு 3" என்று வந்தால் அதைத் தரவிறக்கிய மனிதர் நாளைக்கு எப்படித் தேடுவார்? ஆங்கில எழுத்தில் உங்கள் பெயர், ஒரு கீழ்க்கோடு, தலைப்பு. வேர்ட் ஃபைலாக அனுப்புங்கள். தமிழ் பி.டி.எஃப்.பிலிருந்து எழுத்தை வெட்டி ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறிப் போய்விடும், பதிப்பகத்தார் திருத்தம் செய்ய முடியாது. ஆனால் உங்கள் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று காட்ட ஒரு பி.டி.எஃப். கூட வைப்பதில் தப்பில்லை.

அனுப்ப முதல் வேறொரு கணினியிலும் ஒரு கைபேசியிலும் திறந்து பாருங்கள். உங்கள் லப்டொப்பில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அது உங்கள் லப்டொப். நான் சேரின் ஃபைலை எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் திறந்து பார்த்தேன். அத்தியாயத் தலைப்புகள் மட்டும் கட்டம் கட்டமாக வந்தன, எங்கேயோ ஒரு பழைய ஃபொன்ட் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பிரதி ஒன்று மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், பென் டிரைவில் ஒன்று, முடிந்தால் அச்செடுத்து ஒன்று. இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோதும், கொப்பியில் மட்டும் இருந்த எழுத்து கொப்பியோடே போனது. இந்த ஊரில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்ப் பதிப்பகத்துக்கு அனுப்பும் காலத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும், அதற்கு முந்திய மூன்று மாதமும் அங்கே எல்லோரும் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெப்ரவரி கடந்து அனுப்பினால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்பார்கள். முகவர்களுக்கு ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம், அது அவர்களுக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் ஐம்பது பேருக்கு ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஆறேழு பேருக்கு அனுப்பிப் பதில் எப்படி வருகிறதென்று பாருங்கள், எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால் முதல் அத்தியாயத்தைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும். யாருக்கு, எந்தத் திகதி, என்ன அனுப்பினீர்கள், என்ன பதில் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள். பதில் வர வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும், சிலரிடமிருந்து வராமலே போகும். "கிடைத்ததா" என்று மூன்றாம் நாள் கேட்காதீர்கள்.

யாராவது முழுப் பிரதியையும் கேட்டால் அன்றைக்கே அனுப்ப வேண்டும், அதனால் ஆங்கிலத்தில் மூன்று அத்தியாயம் மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தையே ஆங்கிலத்தில் எழுதியவர் மாதிரி அனுப்பத் தொடங்குவது ஆபத்து. மொழிபெயர்ப்பு மாதிரிதான் கையில் இருக்கிறதென்றால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மருமகள் அப்படித்தான் எழுதியிருக்கிறார், இப்போது ஒன்பதாவது அத்தியாயத்தில் நிற்கிறார். ஏழு பேருக்குப் போயிருக்கிறது, இரண்டு பேர் மரியாதையாக வேண்டாம் என்றிருக்கிறார்கள், மிச்சம் ஐந்து வரியும் சேரின் கொப்பியில் வெறுமையாக இருக்கின்றன.

போன கிழமை மத்திய வீதியில் சேரைக் கண்டேன். புதுசாக ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு நின்றார், அடுத்த நாவலாம். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருந்தார்.